ஏழு தாய்ச் செடிகள்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதினேழாம் நம்பர் தோட்டத்தின் சாவி லொரெய்ன் கைக்கு வந்தது. நாலு வருஷம் வெயிட்டிங் லிஸ்டில் காத்திருந்து வாங்கிய சாவி. வாங்கும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. அண்ணனின் முகம் நினைவுக்கு வந்ததும் அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

போன வாரம் ரேவன்ஷா ஊரே பேசித் தீர்த்த விஷயம்தான். அப்பா நார்மன் ஹெப்பிள் நாற்பத்தாறு வருஷம் வைத்திருந்த தோட்டம் அது. ஜூன் மாதம் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். தோட்டம், ஊராருக்குத் தோட்டத் துண்டுகளைக் குத்தகைக்கு விடும் சங்கத்துக்குத் திரும்பியது. அப்பன் வைத்திருந்த தோட்டம் பிள்ளைக்கு என்கிற பேச்சுக்கே சங்கத்தில் இடமில்லை. லிஸ்டில் முதலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். முதலில் இருந்தது லொரெய்ன் பெயர்.

நாற்பது வருஷத்துக்கு மேல் அப்பாவோடு அந்த மண்ணில் முதுகொடித்த அண்ணன் கீத்தின் பெயர் லிஸ்டிலேயே கிடையாது. கூட்டுக் குத்தகை என்று ஒரு படிவம் உண்டு. அப்பா அதில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. ஒவ்வொரு வருஷமும் கீத் நீட்டுவான். "நான் இன்னும் சாகலைடா" என்று அவர் அதை டிராயருக்குள் தள்ளுவார்.

அதே படிவம் இப்போது லொரெய்னின் கைப்பையில் இருந்தது. அவள் தன் பங்குக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அண்ணன் வாயைத் திறந்து ஒரு தடவை கேட்கட்டும், கொடுத்துவிடலாம் என்று இருந்தாள். அவனோ தோட்டம் இவளுக்கு என்று சங்கத்தின் கடிதம் வந்த நாளிலிருந்து இவளைக் கண்டால் தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறவன். இரண்டு பேருமே நார்மன் ஹெப்பிள் பெற்ற பிள்ளைகள், வேறென்ன சொல்வது.

"இந்தா கண்ணு" என்று சாவியைக் கொடுத்தார் வில்ஃப். சங்கத்தின் செக்ரெட்டரி. பக்கத்துப் பதினெட்டாம் நம்பரும் அவருடையதுதான். "மூணு மாசம் தவணை. அதுக்குள்ள பாதி நிலத்தையாவது கொத்தி வச்சிருக்கணும். இல்லேன்னா அடுத்த பேரைக் கூப்பிட்டுருவோம். உங்கப்பா மகள்ங்கறதுக்காக எல்லாம் சலுகை கிடையாது."

"சலுகை கேட்டேனா?"

"கேக்க மாட்டே. தெரியும்." அவர் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். "குப்பையை எரிக்கணும்னா இன்னிக்கே எரிச்சுரு. மாசத்துல மொத சனிக்கிழமை மட்டும்தான் நெருப்பு. விட்டா நவம்பர்தான்."

"கீத் ஏதாவது சொன்னானா?"

"நேத்து சாயங்காலம் வந்தான். சாவியை மேஜை மேல வச்சான். போயிட்டான். 'மழை வரும்போலருக்கு'ன்னேன். அதுக்குக்கூட பதில் இல்ல."

ஊருக்குள் வேலையை முடித்து, முடியும் வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று வில்ஃப் போய்விட்டார். லொரெய்ன் பச்சைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அந்தக் கதவைத் தாண்டுகிறாள். சிரிக்காதீர்கள், உண்மை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்பாவைக் கூப்பிட அம்மா இவளைத்தான் அனுப்புவாள். கதவு வரைக்கும் வரலாம். வெளியே நின்று குரல் கொடுக்கலாம். "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை, லீக்ஸ் சுருங்கிப் போயிரும்" என்று உள்ளேயிருந்து யாராவது கத்துவார்கள். போட்டிக்காக லீக்ஸ் என்கிற தடித்த வெங்காயத்தாளை வளர்க்கும் சுரங்கத்து ஆண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். கீத் ஏழு வயதிலிருந்தே உள்ளே. அவன் மண்கையோடு வெளியே வருவான், இவள் சுத்தமான கவுனோடு அவன் பின்னால் நடப்பாள். பத்தொன்பது வயதில் இவள் ஊரைவிட்டுத் தெற்கே போனதற்கும் அங்கே கல்யாணம் கட்டி, அது முறிந்து, திரும்பி வந்ததற்கும் இந்தக் கதவு காரணம் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒரு காரணமும் இல்லை என்று சொல்ல முடியாது.

உள்ளே பார்த்தாள். நாலு மாதத்தில் இப்படியா? களை இடுப்பளவு. வெள்ளை வேர்ப்புல் பாத்திக்குப் பாத்தி பின்னிக் கிடந்தது. மண்வெட்டியை ஒரு தடவை இறக்கினால் நூல்கண்டு மாதிரி வேர் வந்தது.

அவள் வெட்டினாள். மருந்துக் கடையில் நின்றபடி வேலை பார்க்கும் உடம்பு, குனிந்து பழக்கமில்லை. பதினோரு மணிக்கெல்லாம் இது தன் முதுகுதானா என்று இருந்தது. ஃபிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்தாள், ஹாம் வைத்த ரொட்டியைப் பாதி தின்றாள், மறுபடி வெட்டினாள். ஒரு பாத்தி கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. அங்கே உருளைக்கிழங்கு, இங்கே பீன்ஸ், வேலியோரம் ரூபார்ப் என்று தனக்குத்தானே கைநீட்டிச் சொல்லிக்கொண்டாள். கீத் இதை எட்டிப்பார்த்தால் என்ன சொல்வான்? ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் பார்ப்பான். பார்த்தால் போதும்.

அப்படி நினைத்துத்தான் கண்ணாடிக் கொட்டகையையும் இன்றைக்கே சுத்தம் செய்துவிடலாம் என்று போனாள்.

கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்பு பூசி, வெளியேயிருந்து ஒன்றும் தெரியாதபடி இருந்தது. உள்ளே உளுத்த பலகைகள், உடைந்த தொட்டிகள், எலி கடித்த சாக்கு. கடைசி மூலையில் ஏழு பெரிய தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு ஒரு வெங்காயத் தண்டு, மூங்கில் குச்சியோடு பழைய காலுறைத் துணியால் கட்டப்பட்டு நின்றது. உச்சியில் பூ இல்லை. பூ இருக்கவேண்டிய இடம் மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது, அதில் பச்சையாகக் கொஞ்சம் முளைவிட்டிருந்தது. அடி இலையெல்லாம் காய்ந்து தொங்கிற்று.

முற்றிப்போய்ப் பூத்து வீணான செடி என்று அவள் நினைத்தாள். அப்பா விழுந்த பிறகு கவனிப்பாரில்லாமல் கிடந்தது என்று நினைத்தாள். மண் ஈரமாக இருந்ததை அவள் கை உணரத்தான் செய்தது. கூரை ஒழுகுகிறது போல என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு நெருப்பு வைத்தாள். முதலில் பலகை, அப்புறம் சாக்கு, அப்புறம் காய்ந்த களை. நன்றாகப் பிடித்துக்கொண்டதும் ஏழு தண்டையும் அடியோடு பிடுங்கி, முறித்து, உள்ளே போட்டாள். பச்சைத் தண்டு சீறிற்று. வறுத்த வெங்காய வாசம் புகையோடு சேர்ந்து வேலி தாண்டிப் போனது.

முதலில் வந்தவர் வில்ஃப். பாதி வெட்டின முடியோடு வந்தாரோ என்னவோ, கழுத்தில் சலூனில் வெட்டிய மயிர்த்தூள் ஒட்டியிருந்தது. அவர் நெருப்பைப் பார்த்தார். திறந்து கிடந்த கண்ணாடிக் கொட்டகையைப் பார்த்தார். காலி தொட்டிகளை எண்ணினார். பிறகு, சவ ஊர்வலம் போகும்போது எடுப்பதுபோல, தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"என்ன வில்ஃப்?"

"ஒண்ணுமில்ல கண்ணு. அது... அடுத்தவன் லீக்ஸ் கொட்டகைக்குள்ள நாங்க யாரும் எட்டிப்பாக்க மாட்டோம். பேசவும் மாட்டோம். அதான் வழக்கம். அதனாலதான் காலையில நான் வாயத் தொறக்கல."

"எதைப் பத்தி?"

அவர் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. கதவுக்கு வெளியே கீத் நின்றிருந்தான். கையில் விதைத்தட்டு. அதில் சலித்த மண் நிரப்பி, மேலே செய்தித்தாள் போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தான். புகை வாசத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வராமல் கதவுக்கட்டையைப் பிடித்தபடி நின்றான்.

"ஏழுமா?" என்றான்.

மூன்று வாரத்தில் அண்ணன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எதுடா? அந்தக் காய்ஞ்சு போன—"

"காய்ஞ்சு போனதா!" அவன் சிரித்த மாதிரி ஒரு சத்தம் போட்டான். "அதுங்க தாய்ச் செடிடீ. போட்டியில ஜெயிச்ச லீக்ஸை நாம திங்கிறதில்ல. திரும்பத் தொட்டியில நட்டு, பூக்க வைப்போம். பூ வந்ததும் கத்திரிக்கோலால வழிச்சு எடுத்துருவோம். அப்பதான் அந்தத் தலையிலயே குட்டிக்குட்டியா புல்லு மாதிரி முளைக்கும். அதை நட்டாத்தான் அதே லீக்ஸ் மறுபடி வரும். விதை போட்டா வராது. கடையிலயும் கிடைக்காது."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நார்மன் ஹெப்பிள் மகளுக்குத் தெரியாதா?"

"நார்மன் ஹெப்பிள் மகளை இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் யாருடா விட்டீங்க?" அவள் குரல் கிறீச்சிட்டது. "நீ விட்டியா? உனக்குத்தான் வாய் இருக்குதே, ஒரு வார்த்தை சொன்னா என்ன? வில்ஃப் கிட்ட சாவியோட ஒரு துண்டுச் சீட்டு வச்சா என்ன? 'மூலையில இருக்கிற தொட்டியைத் தொடாதே'ன்னு நாலு வார்த்தை!"

கீத் செய்தித்தாள் நுனியைத் தட்டுக்குள் செருகினான்.

"இன்னிக்கு வந்து எடுத்துக்கலாம்னு இருந்தேன்" என்றான். "முன்னாடியே நகர்த்தினா புல்லு உதிர்ந்துரும். இன்னிக்குத்தான் பதம். உங்கிட்ட வந்து கேக்கணுமேன்னு... காலையில வந்திருக்கணும். பத்து மணியிலேருந்து சமையல்கட்டுல உக்காந்திருந்தேன். ஷூவைக்கூட மாட்டிட்டுத்தான்."

வில்ஃப் இரண்டு பேரையும் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்து ரகம் அது. நார்மன் ஒரு குட்டிப்புல்லைக்கூட வெளியே யாருக்கும் கொடுத்ததில்லை. வில்ஃப் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். கொடுத்திருந்தால் இன்றைக்கு எங்காவது ஒன்று மிஞ்சியிருக்கும். அதை இப்போது சொல்லிப் பயன் என்ன.

"நாலு மணிக்கு அப்பாவைப் பாக்கப் போகணும்" என்றான் கீத். "போன வாரம் பூரா அவருக்கு ஒரே கேள்விதான். புல்லு பிடிச்சிருக்கா, புல்லு பிடிச்சிருக்கா."

"நானும் வரேன்."

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான், விதைத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு. வழியெல்லாம் வைப்பர் சத்தம் மட்டும். கைப்பையில் இருந்த படிவம் லொரெய்னுக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது. நேற்று கொடுத்திருந்தால் இதே தாள் ஒரு தங்கை அன்பாக நீட்டிய கை. இப்போது நீட்டினால் லஞ்சம். அவள் அதை எடுக்கவே இல்லை.

அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்தான் போயிற்று, கண்ணும் காதும் அப்படியே இருந்தன.

"ரெண்டு பேரும் சேர்ந்தா வர்றீங்க? யார் செத்தது?"

"யாரும் சாகலப்பா" என்றான் கீத்.

"புல்லு?"

லொரெய்ன் மூச்சை இழுத்தாள். அவள் சொல்வதற்குள் கீத் சொன்னான்.

"நல்லா வந்திருக்குப்பா. தலைக்கு நாப்பது, அம்பது தேறும். தட்டுல நட்டாச்சு."

குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. லொரெய்ன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவின் போர்வை நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"ஏழுலயும்?"

"ஏழுலயும்."

அப்பாவின் முகம் தளர்ந்து விரிந்தது. நாலு மாதத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. "நாளைக்கு ஒரு தட்டைக் கொண்டா. தொட்டுப் பாக்கணும்."

"நாளைக்கு வேணாம்பா, வெளிய குளிரு. வேர் பிடிக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை."

"அதுவும் சரிதான்." அவர் தலையை ஆட்டினார். பிறகு மகளைப் பார்த்தார். "லிஸ்ட்ல உன் பேரு இருந்துச்சாமே. நாலு வருஷமா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்க."

"சிரிச்சிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார். "சரி போ. கீத், அதுல ரெண்டு தலையோட புல்லை இவளுக்குக் கொடுத்துரு. அடுத்த செப்டம்பர்ல கிளப் போட்டிக்கு அவ பேர்லயே வைக்கட்டும். எவன் சிரிக்கிறான்னு பாக்கிறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக லொரெய்ன் பச்சைக் கதவுக்கு வெளியே எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நின்றிருக்கிறாள். இப்போது வந்தது, அவள் கையாலேயே சாம்பலாக்கிய பிறகு. அவளால் தாங்க முடியவில்லை. தாங்கியிருக்கலாம். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அந்த அறிவு அவளுக்குப் பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்தது.

"அப்பா, அது இல்லப்பா. நான் எரிச்சுட்டேன்."

"லொரெய்ன்!" என்றான் கீத்.

"குப்பைன்னு நினைச்சு எரிச்சுட்டேன்பா. ஏழையும். எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்கு அது என்னன்னே தெரியாது."

அப்பா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"இப்பத்தானே அம்பது தேறும்னே."

கீத் மறுபடி போர்வை நுனியைப் பிடித்தான்.

"இவளுக்கு நீ சொல்லி வைக்கலையா?"

"நாங்க பேசிக்கிறதில்லப்பா."

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே கார் நிறுத்தும் இடமும் குப்பைத் தொட்டிகளும் மட்டும்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார்.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் கீத் வெடித்தான். கத்தவில்லை. கத்துகிற ஆளில்லை அவன்.

"எதுக்குச் சொன்னே?"

"அவர் கிட்ட பொய் சொல்ல முடியலடா."

"பொய் சொன்னது நான். நீயா சொன்னே? ஒரு வாரம் கேட்டு வாங்கியிருந்தேன். பக்கத்து ஊர்ல யார் கால்லயாவது விழுந்து நல்ல ரகமா நாலு புல்லு வாங்கி நட்டுக் காட்டியிருப்பேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியாம இருந்திருக்கும். ஒரு வாரமாவது நிம்மதியா இருந்திருப்பாரு." அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "உனக்காகத்தான் சொன்னேன். அவர் பார்வையில நீ தாழ்ந்துடக்கூடாதுன்னு."

பிறந்ததிலிருந்து அண்ணன் அவளுக்காக வலியச் செய்த காரியம் என்று ஏதாவது இருந்தால் அது அந்தப் பொய்தான். அதை அவள் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் கீழே போட்டு உடைத்துவிட்டாள். காலையில் அவசரம், சாயங்காலமும் அவசரம். செடியையாவது தெரியாமல் எரித்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"மன்னிச்சுருடா" என்றாள்.

"நானும் காலையில வந்திருக்கணும்" என்றான் அவன்.

இல்லத்தின் கதவு திறந்தது. நீல உடுப்புப் போட்ட பணிப்பெண் ஒருத்தி தலையை நீட்டினாள்.

"நீங்க ஹெப்பிள் வீட்டுக்காரங்கதானே? அவர் சாப்பாட்டைத் தொடமாட்டேங்கிறாரு. உங்கள்ல ஒருத்தர் மட்டும் திரும்ப உள்ள வரணுமாம்."

"யாரு?" என்று இருவரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

"பேரு கேட்டேன். சொல்லமாட்டேங்கிறாரு. தோட்டம் யாரோடதோ அவங்க வரட்டும்னாரு, அவ்வளவுதான்."

லொரெய்ன் கீத்தைப் பார்த்தாள். கீத் லொரெய்னைப் பார்த்தான்.

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க, குளிர் உள்ள வருது" என்றாள் பணிப்பெண், கதவைத் தோளால் தாங்கியபடி.

இரண்டு பேரில் ஒருவரும் நகரவில்லை.